ஆறாம் கம்பத்துக்கு ஒன்றுமில்லை

எங்கள் கூடன்குறிச்சியில் மனிதர்களைவிடக் குப்பைத்தொட்டிகளுக்கு மரியாதை அதிகம். கிண்டலாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2047-ஆம் வருடத்தின் 'அமைதியான நகரம்' விருதுக்கு எங்கள் ஊர் இறுதிச்சுற்று வரை போனதே அந்தக் குப்பைத்தொட்டிகளின் புண்ணியத்தில்தான்.

இங்கே பேசாத பொருள் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் மீட்டர் பேசும். தெருவிளக்கு பேசும். குப்பைத்தொட்டி நிறைந்தால் சொல்லும். மேயப்போன ஆடு எங்கே நிற்கிறது என்று அதன் கழுத்துப்பட்டை சொல்லும். எல்லாவற்றுக்குள்ளும் நகத்தளவு ஒரு சில்லும், பத்து வருடம் தாங்கும் ஒரு பேட்டரியும் இருக்கின்றன. இந்தப் பேச்சையெல்லாம் வாங்கிக் கவனிக்கும் வலைக்குக் காற்றஞ்சல் என்று பெயர். அதன் கட்டுப்பாட்டு அறை நகராட்சிக் கட்டடத்தின் மாடியில், பிறப்பு இறப்புச் சான்றிதழ்ப் பிரிவுக்கு நேர் மேலே இருக்கிறது. சொரிமுத்து ஆகிய நான் அங்கே மேற்பார்வையாளன்.

நகர்மன்றத் தலைவர் ஞானதிரவியம் பதவியேற்ற புதிதில் எங்கள் அறையைப் பார்வையிட வந்தார். அவருக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"போன் மாதிரி நெறையப் பேசுமாவே?" என்று கேட்டார்.

"பேசாதுங்கய்யா. ஒரு தடவைக்கு நாலு வார்த்தைதான். அதுவும் எப்பவாவதுதான். ஆனா அஞ்சாறு மைல் தள்ளி இருந்தாலும் நமக்குக் கேக்கும். பேட்டரியும் லேசுல தீராது."

"கொஞ்சமாப் பேசினா ரொம்ப தூரத்துக்குக் கேக்கும்ங்கீரு."

"ஆமாங்கய்யா."

"நம்ம கவுன்சிலர்மாருக்கும் இதுல ஒண்ணு மாட்ட முடியுமா?"

முடியாது என்று சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

காற்றஞ்சலுக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. இந்த நாற்பதாயிரம் பொருள்களுக்கும் வரிசை என்பது கிடையாது. தோன்றும்போது பேசும். இரண்டு ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் இரண்டின் பேச்சும் வீண். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு அடித்துக்கொள்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று விழும். மழை வந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாப் பொருளும் சேர்ந்து கத்தும், எங்கள் திரையில் ஒன்றும் புரியாது.

இதைச் சரிசெய்யத்தான் செண்பகவடிவு மேடம் வந்தார். முப்பத்தைந்து வயது, பாளையங்கோட்டையில் பிறந்தவர், வெளிநாட்டில் படித்தவர். வந்த அன்றே என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டதால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் எழுதிய நிரலுக்கு 'பந்தி விசாரிப்பு' என்று பெயர் வைத்தார். பந்தியில் ஒருவர் இலை இலையாகப் போய் "சாம்பார் வேணுமா, ரசம் வேணுமா" என்று விசாரிப்பார் அல்லவா, அதேதான். நிரல் ஒவ்வொரு பொருளிடமும் போய் "ஏதாவது உண்டா?" என்று கேட்கும். பொருள் தானாகவே யோசித்து மூன்றில் ஒரு பதிலைச் சொல்லும். சைபர் என்றால் ஒன்றுமில்லை. ஒன்று என்றால் ஏதோ உண்டு. இரண்டு என்றால் உடனே வரவும்.

யோசித்துச் சொல்வதற்கு மூளை வேண்டுமே, அதை எங்கே வாங்குவது? நகராட்சியின் புகார் எண்ணுக்கு இத்தனை வருடங்களாக ஊர்க்காரர்கள் பேசிய பேச்செல்லாம் பதிவாகிக் கிடந்தது. எது அவசரம், எது சும்மா என்று நம் ஊர் ஆட்களிடமே கற்றுக்கொள்ளட்டும் என்று மேடம் அத்தனையையும் அதற்குக் கொடுத்துவிட்டார். வேறு எந்த ஊராக இருந்தாலும் இது நல்ல யோசனைதான்.

எங்கள் ஊரில் யாரும் ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல மாட்டார்கள். புகார் எண்ணுக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கியளா? சாப்டாச்சா?" என்று ஆரம்பிப்பார்கள். என்ன விஷயம் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பார்கள். மறுபடி கேட்டால் "பரவாயில்ல, ஒங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்பார்கள். போனை வைக்கப்போகும்போதுதான் தெருவில் மின்கம்பி அறுந்து கிடக்கும் செய்தி வெளியே வரும்.

பந்தி விசாரிப்பு ஓடத் தொடங்கியதும் ஊர் அமைதியானது. திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். எந்தப் பொருளைக் கேட்டாலும் சைபர். பேச்சு மோதல் அறவே இல்லை. தலைவர் அந்தப் பச்சைத் திரைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். விருதுக் குழுவுக்கு அதைத்தான் அனுப்பினார்கள். நானும் மகிழ்ந்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். வேலை குறைந்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இல்லை?

அந்தக் கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். என் வீடு ஆனைமேய்ச்சான் குளத்தின் கரைக்குக் கீழே, கீழ்க்குடியிருப்பில் இருக்கிறது. பின்வாசலைத் திறந்தால் கரையின் சரிவுதான். வண்டியை நிறுத்தும்போதே பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, பொறவாசல்ல தண்ணி ஊறுதே, அதுக்கு என்ன செய்யப் போறிய?"

"என்ன தண்ணியக்கா?"

"ஒங்ககிட்ட சொல்லலியா? கொஞ்ச நாளா ஊறுது. தங்கம் எங்கிட்ட தெனமும் சொல்லிப் பொலம்புதா."

தங்கம் என்பது என் மனைவி ஆவுடைத்தங்கம். அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"பொறவாசல்ல என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. கைய கழுவிட்டு உக்காருங்க."

கையைக் கழுவாமல் பின்வாசலுக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண் பொதபொதவென்று இருந்தது. காலை வைத்தால் உள்ளே இழுத்தது. குளத்துக் கரைக்குக் கீழே தண்ணீர் கசிவது புதிதில்லை. தெளிவாகக் கசிந்தால் பயமும் இல்லை. இது கலங்கலாக வந்தது. கலங்கல் என்றால் கரையின் வயிற்றிலிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். கரைக்குக் கீழே வாழ்கிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

கரைக்குள் ஆளுயரம் புதைத்த கம்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஈரம், சாய்வு, மண்ணின் அசைவு எல்லாம் அவற்றுக்குத் தெரியும். என் வீட்டுக்கு நேர் மேலே இருப்பது ஆறாம் கம்பம். மேடத்துக்குப் போன் போட்டேன்.

"ஆறாம் கம்பம் என்ன சொல்லுது மேடம்?"

"சைபர்தான் அண்ணாச்சி. ஒண்ணுமில்லங்குது. ஏன்?"

விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தங்கத்தின் பக்கம் திரும்பினேன். "முக்கியமானத எடுத்துக்கிட்டு மேட்டுத்தெரு பள்ளிக்கூடத்துக்குப் போ. எஸ்தர் அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போ."

"ஒங்க மிஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லுதாம்லா? இப்பதான போன்ல கேட்டிய. அடுப்புல சோறு கெடக்கு, நான் எங்க போவ?"

தெருவில் இறங்கிக் கத்திப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தம் போனை எடுத்து, அதிலும் தெரிகிற ஆறாம் கம்பத்தின் பச்சைப் புள்ளியை என்னிடம் காட்டினார்கள். "நீங்கதான அண்ணாச்சி பச்சைன்னா பயமில்லன்னு சொன்னிய?" என்றார் தையல்கடைக்காரர். அறுபது வீடு. ஒரு வீட்டில்கூட ஒரு பானையையும் நகர்த்தவில்லை. நாங்கள் கொடுத்த நம்பிக்கை அப்படி.

அலுவலகத்துக்கு நான் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தபோது தலைவரும் அங்கே இருந்தார். விருதுக் குழு வரும் அன்று வாசலில் கட்ட வேண்டிய தோரணத்துக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் திரைக்கு முன்னால் நின்றுகொண்டே ஆறாம் கம்பத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏதாவது உண்டா? சைபர்.

உண்மையாகவே ஒன்றுமில்லையா? சைபர்.

சும்மா சொல்லு. சைபர்.

"மூணு தடவை கேட்டாச்சு," என்றார் மேடம். "வீட்டுக்கு வந்தவங்க மூணாவது தடவைக்குக் காப்பியாவது வாங்கிக் குடிப்பாங்க. இது அசைய மாட்டேங்குது."

"அப்ப ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்?" என்றார் தலைவர்.

"இல்லங்கய்யா," என்றேன். "எம் பொண்டாட்டியும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னா. எங்கிட்டதான் அப்படி. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காகிட்ட ஒண்ணு விடாம சொல்லிருக்கா."

மேடம் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"நம்ம சிக்னல் கோபுரத்துக்கு எட்டாத இடத்துல இருக்குற பொருளெல்லாம் பக்கத்துல இருக்குறதுகிட்ட சொல்லி அனுப்பும்," என்றார் அவர், தலைவருக்கு விளக்கும் குரலில். "அதுக்காக அதுங்களுக்குள்ள மெதுவாப் பேசிக்கிட வழி வச்சிருக்கோம். அந்தப் பேச்ச நாம கேக்குறதே இல்ல. தேவையில்லன்னு விட்டுட்டோம்."

"கிசுகிசுன்னு சொல்லு," என்றார் தலைவர்.

"ஆமாங்கய்யா. ஆறாம் கம்பத்தக் கேக்க வேண்டாம். அதப் பத்தி அக்கம்பக்கத்துல கேப்போம்."

கரைக்கு அடியில் இருந்த குப்பைத்தொட்டியை முதலில் கேட்டார். தன்னைப் பற்றிக் கேட்டபோது சைபர் என்று சொன்ன அதே தொட்டி, ஆறாம் கம்பத்தைப் பற்றிக் கேட்டதும் அணை உடைந்ததுபோலக் கொட்டியது. கம்பத்துக்கு அடியில் ஈரம். நாளுக்கு நாள் கூடுகிறது. தூங்க முடியவில்லை என்கிறது. பக்கத்துத் தெருவிளக்கு, கம்பம் சாய்கிறது என்றது. கரையில் மேயும் ஒரு ஆட்டின் கழுத்துப்பட்டைகூட விடவில்லை. நண்டு வளையிலிருந்து ஆரம்பித்த வினை என்று காரணமும் சொன்னது. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

தலைவர் தோரணத் துணியைக் கீழே போட்டார். "மறுகால் ஷட்டரத் தொறங்கம்மா! தண்ணிய வெளிய விடுங்க!"

"எங்க கையில இல்லங்கய்யா. நீங்க போட்ட சட்டம்தான்."

உண்மைதான். முன்பெல்லாம் மேல்மடைக்காரர்களும் கீழ்மடைக்காரர்களும் ஆளுக்கொரு அதிகாரியைப் பிடித்து, குளத்தின் உபரித் தண்ணீர் போகும் மறுகாலைத் தத்தம் வசதிக்குத் திறப்பார்கள், மூடுவார்கள். ஒரு வருடம் அரிவாளும் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தலைவர் மனிதர்கள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். கம்பம் தன் வாயால் 'இரண்டு' என்று சொன்னால் மட்டுமே ஷட்டர் திறக்கும். கம்பம் பொய் சொல்லாது, லஞ்சம் வாங்காது. ஒவ்வொரு கம்பத்துக்கும் தனக்கே உரிய ரகசிய முத்திரை உண்டு. அதன் பெயரில் வேறு யாரும் பேச முடியாது. பூட்டை உடைக்கப் போனால் ஷட்டர் இன்னும் இறுகிக்கொள்ளும். தலைவர் அதைப் பெருமையாக மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்.

"ஆக, கம்பமே சொல்லணும்," என்றார் தலைவர், பலவீனமாக.

"கம்பமே சொல்லணும்."

வெளியே மழை வலுத்தது. எனக்கு ரசம் தாளிக்கும் தங்கத்தின் முதுகு கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுபடி போன் போட்டேன். எடுத்தவள், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் கூட ஊறுது, வாளியில மோந்து ஊத்திக்கிட்டு இருக்கேன்" என்றாள். வாளியாம். குளத்தை வாளியால் இறைக்கிறாள்.

மேடம் நெற்றியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். "அந்த ரெக்கார்டிங்க மூணு மாசம் உக்காந்து கேட்டேன் அண்ணாச்சி. ஒருத்தரும் நேராப் பேசல. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் போனை எடுத்த எடுப்புல கத்தினாங்க."

"எதுக்கு?"

"கோயில் கொடை நோட்டீஸ்ல பேர் விட்டுப்போனா."

தலைவர் இருக்கையிலேயே நிமிர்ந்தார். இந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு. நகராட்சி அச்சடித்த திருவிழா நோட்டீஸில் ஒரு பெயர் விட்டுப்போய், அந்தக் குடும்பத்தார் அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லா வேலை செஞ்ச பொருளுக்கு ஊரறிய நன்றி சொல்ல ஒரு வழி வச்சிருக்கேன்," என்றார் மேடம். அவர் கண்ணில் குறும்பு வந்துவிட்டது. "சுத்துப்பட்டுல இருக்குற எல்லாப் பொருளுக்கும் அது கேக்கும். இப்ப ஏழாம் கம்பத்துக்குப் பொன்னாடை போத்துவோம். ஆனைமேய்ச்சான் குளத்துக் கரையைத் தனியாளாக் காத்த ஏழாம் கம்பத்துக்கு நன்றின்னு."

"ஏழாம் கம்பம் என்ன செஞ்சுது?" என்றேன்.

"ஒண்ணும் செய்யல. அதான விசேஷம்."

"பத்தாதும்மா," என்றார் தலைவர். குரலில் முப்பது வருட அரசியல் இறங்கியிருந்தது. "பக்கத்தாளப் புகழ்ந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்துரும். வாயத் தொறக்காது. கூட ஒரு வரி போடு. ஆறாம் கம்பம் இனி ஓய்வெடுக்கலாம்னு போடு. அதுலதான் வெசம் இருக்கு."

நாங்கள் இருவரும் அவரை மரியாதையோடு பார்த்தோம். மேடம் அந்த வரியையும் சேர்த்து அனுப்பினார்.

திரையில் ஆறாம் கம்பத்தின் புள்ளி பச்சையாகவே இருந்தது. தலைவர் தன் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன். அக்கம்பக்கக் கிசுகிசு மட்டும் கடகடவென்று ஓடியது. ஏழாம் கம்பத்துக்குப் பொன்னாடையாமே என்றது தெருவிளக்கு. அநியாயம் என்றது குப்பைத்தொட்டி. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற எங்கள் ஊர் தெருவிளக்குக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

அப்போது யாரும் கேட்காமலே ஆறாம் கம்பம் பேசியது.

இரண்டு.

தலைவர் எழுந்துவிட்டார். இன்னொரு முறை: இரண்டு. மறுபடியும் இரண்டு. பச்சைப் புள்ளி சிவந்து துடித்தது. மறுகால் ஷட்டர் திறக்கும் செய்தி வந்தது. சற்று நேரத்தில் கிழக்கே தண்ணீர் விழும் ஓசை எங்கள் ஜன்னல் வரை கேட்டது. நான் அழுதுவிட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கம்பம் அத்தோடு நிறுத்தவில்லை. ஈரம் எவ்வளவு, எந்தப் பக்கம் ஓட்டை, சாய்வு எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொன்னது. தன்மேல் ஆடுகள் முதுகு தேய்ப்பதைச் சொன்னது. ஏழாம் கம்பத்துக்கு அடியில் பாறை, அதற்கு என்ன கஷ்டம் தெரியும் என்று கேட்டது. பத்து வருடத்துக்கு வைத்த பேட்டரியை ஒரே சாயங்காலத்தில் பேசித் தீர்த்துவிட்டு, இருட்டும் முன்பே அடங்கிப்போனது. அது சொன்ன இடத்தில்தான் சாக்குச் சாக்காக மண் போட்டு அடைத்தார்கள். ஓட்டைக்குள் ஒரு ஆள் கை முழுசாகப் போனது. இன்னும் ஒரு மழை தாங்கியிருக்காது என்றார் கரை பார்க்க வந்த பொறியாளர். அறுபது வீட்டிலும் அன்று அடுப்பு எரிந்தது. அதில் ஒன்று என்னுடையது.

வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே தங்கத்திடம் கதை முழுவதையும் சொன்னேன். "பாத்தியா, நம்ம ஊரு ஆளுவ மாதிரியே கூச்சம், மரியாதை. அடுத்தவனுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு நெனச்சு வாயவே தொறக்கல. எப்பேர்ப்பட்ட பண்பு!" என்றேன்.

தங்கம் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பண்பாவது மண்ணாவது. அந்தப் பொகார் நம்பருக்கு நான் எத்தன தடவ பேசிருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியுமா? நீங்க இந்த வேலையில சேருததுக்கு முன்னயே. மொதல்ல நேராத்தான் சொன்னேன். சாக்கடை அடச்சிருக்குன்னு. நோட் பண்ணிக்கிட்டோம்மானு சொன்னாவ. யாரும் வரல. மறுபடி சொன்னேன், கத்திக்கூடப் பாத்தேன். நோட் பண்ணிக்கிட்டோம். பொறவு நானே கம்ப வச்சுக் குத்தி எடுத்தேன். அதுக்கப்புறம் அவுகளே போன் போட்டு, ஏதாவது கொறை உண்டாம்மானு கேட்டப்ப, ஒண்ணுமில்லன்னு சொன்னேன். ரொம்ப நன்றிம்மானு சந்தோசமா வச்சாவ. ஒண்ணுமில்லன்னு சொன்னாத்தான் அவுகளுக்குச் சந்தோசம்."

நான் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன்.

"எஸ்தர் அக்காகிட்ட ஏன் சொல்லுதேன்னா, அவுக வந்து ஒரு வாளி மோந்து ஊத்துவாவ. ஒங்ககிட்ட சொன்னா ஆபீசுல சொல்லுதேம்பிய. ஒங்க மிஷின் என் மரியாதையப் படிக்கல. என் அலுப்பத்தான் படிச்சிருக்கு."

விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துப் பின்வாசலில் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டினேன். முடித்து நிமிர்ந்தபோது தங்கம் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "குளியலறைக் கதவும் சாத்த மாட்டேங்குது" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அலுவலகத்தில் மேடத்திடம் தங்கம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நான் பேசினவங்க குரலை மட்டும்தான் கவனிச்சேன்," என்றார் மேடம். "அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு பாக்கவே இல்ல."

"நிரல் பாத்திருக்கும்லா மேடம். சொன்னதுக்கு ஒண்ணும் நடக்கல, சொல்லாததுக்கு நன்றி கெடச்சிருக்கு."

"இத எப்படிச் சரிபண்ணுறது? யாராவது வாயத் தொறந்தா ஒடனே ஆள் போகணும். அதுக்கு நிரல் எழுத முடியாதே அண்ணாச்சி."

தலைவரிடம் போய்க் கேட்டோம். ஆள் இல்லை, விருது முடியட்டும் பார்க்கலாம் என்றார். அதனால் நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். கரைக்கு அடியில் இருந்த அந்தக் குப்பைத்தொட்டியை முதலில் காலி செய்தோம். பச்சைப் புள்ளியோடு இருந்த தொட்டி. உள்ளே ஒரு வாரத்துக் குப்பை. வெளிநாட்டில் படித்தவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையைப் பிடித்தார். போகிற வழியில் அணைந்து கிடந்த தெருவிளக்கையும் ஏணி போட்டுச் சரிசெய்தோம்.

திரும்பி வந்தபோது திரையில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. அந்தத் தெருவின் தண்ணீர் மீட்டர் ஒன்று, ஏதோ உண்டு என்றது. போய்க் கழன்று கிடந்த குழாயை மாட்டினோம். பிறகு பக்கத்தில் மூன்று. பிறகு அடுத்த தெரு. நாங்கள் யாரிடமும் எதுவும் அறிவிக்கவில்லை. சொன்னால் வருகிறார்களாம் என்ற செய்தியைக் குப்பைத்தொட்டிகளே கிசுகிசுத்து ஊர் முழுக்கக் கொண்டுபோயிருந்தன.

விருதுக் குழு வந்த அன்று எங்கள் திரையில் பச்சையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மஞ்சளும் சிவப்புமாக ஊரே மின்னியது. குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என்ன?" என்றார்.

"கார்த்திகைக்கு வெளக்கு ஏத்திருக்கோம்மா," என்றார் எங்கள் தலைவர்.

அவர்கள் நம்பவில்லை. விருது பக்கத்துச் சாலைநயினார்பட்டிக்குப் போனது. அங்கே திரையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லையாம், குளம் குட்டை எல்லாம் பச்சையாம். பாராட்டு விழாவின் படம் எங்கள் அறைக்கும் வந்தது. தலைவர் அதைப் பார்க்க மறுத்து வீட்டுக்குப் போய்விட்டார். மேடம் மட்டும் படத்தில் இருந்த திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது நம்ம பந்தி விசாரிப்பு மாதிரி இருக்கே."

"நம்மளுதுதான் மேடம். போன மாசம் தலைவர் பெருமையாக் குடுத்து அனுப்பினாரு."

மேடம் அந்த ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தார். வாழ்த்துச் சொன்னார். ஊரில் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம். நீங்க நல்லா இருக்கியளா? சாப்டாச்சா?" என்றது ஒரு பெண் குரல்.

"குளத்துக் கரையெல்லாம் எப்படி இருக்கு?"

"பச்சைதான் மேடம். ஒண்ணுமில்ல."

"சும்மா சொல்லுங்கம்மா."

மறுமுனையில் மழை பெய்யும் ஓசை மட்டும் கேட்டது. "இல்ல மேடம், எங்க வீட்டுப் பொறவாசல்ல லேசாத் தண்ணி... பரவாயில்ல மேடம், ஒங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

மேடம் கார் சாவியை எடுத்தார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.